ஊக்கமருந்து சோதனைக்கு ஸ்டீராய்டு மெட்டபோலைட்: பூஞ்சையில் தயாரிக்கும் முறை

வீரர் விழுங்கிய மாத்திரை அவருடைய சிறுநீரில் அப்படியே வந்து சேர்வது அரிது. கல்லீரல் அதில் ஆக்சிஜனை ஏற்றும், ஹைட்ரஜனைச் சேர்க்கும், சர்க்கரை அமிலத்தையோ சல்பேட்டையோ ஒட்டி வெளியே தள்ளும். சோதனைக்கூடம் தேடுவது இப்படி மாறி வந்த பொருளை, அதாவது மெட்டபோலைட்டை. தேடிக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அதே பொருளின் சுத்தமான மாதிரியைப் பக்கத்தில் வைத்து ஓட்டி, வெளிவரும் நேரமும் அயனி விகிதங்களும் பொருந்துகின்றன என்று காட்ட வேண்டும். அந்த மாதிரிக்குத்தான் ஸ்டாண்டர்டு என்று பெயர். ஒருவருடைய விளையாட்டு வாழ்க்கை முடிவதும் தொடர்வதும் இந்த ஒப்பீட்டில் இருக்கிறது. ஆகவே ஸ்டாண்டர்டில் சந்தேகத்துக்கு இடம் இருக்கக் கூடாது.

மருந்தை விலைக்கு வாங்கலாம். அதன் மெட்டபோலைட் பெரும்பாலும் கிடைக்காது. தன்னார்வலருக்கு மருந்து கொடுத்துச் சிறுநீரைச் சேகரிக்கலாம். ஆனால் மனிதர்களுக்குக் கொடுக்க அனுமதியே இல்லாத ஸ்டீராய்டுகள் பட்டியலில் நிறைய. வேதியியல் தொகுப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. ஸ்டீராய்டு எலும்புக்கூட்டில் வினைபுரியாமல் கிடக்கும் ஒரு கார்பனைத் தேர்ந்தெடுத்து, அதன் சரியான பக்கத்தில் ஒரு ஹைட்ராக்சிலை (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இணையை) ஏற்றுவது பல படிகள் கொண்ட வேலை. அதே வேலையைப் பூஞ்சை ஒரே படியில், தண்ணீரில், அறை வெப்பநிலையில் செய்கிறது. 1952இல் அப்ஜான் நிறுவனத்தின் மரே, பீட்டர்சன் இருவரும் ரைசோபஸ் பூஞ்சையைக் கொண்டு புரோஜெஸ்டிரோனின் 11ஆம் கார்பனில் ஹைட்ராக்சிலை ஏற்றிக் காட்டிய பிறகுதான் கார்ட்டிசோன் தயாரிப்பு மலிவானது. நாம் அந்த முறையை மில்லிகிராம் அளவுக்குச் சுருக்கிக்கொள்கிறோம்.

இங்கே எடுத்துக்கொண்ட உதாரணம் மெட்டாண்டியனோன் என்ற தசை வளர்க்கும் ஸ்டீராய்டு. டயனபால் என்ற பெயரில் பலரும் அறிந்தது. இலக்கு 6-பீட்டா-ஹைட்ராக்சிமெட்டாண்டியனோன், அதாவது அதன் 6ஆம் கார்பனில் பீட்டா எனப்படும் மேல்பக்கத்தில் ஒரு ஹைட்ராக்சில் ஏறியது. கீழ்ப்பக்கம் ஆல்ஃபா. பூஞ்சை கன்னிங்ஹமெல்லா எலிகன்ஸ்.

எதைப் பூஞ்சையிடம் கேட்கலாம்

வேலையைத் தொடங்கும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரண்டு வாரம் வீண். கன்னிங்ஹமெல்லாவில் நம் கல்லீரலில் இருப்பது போன்ற சைட்டோகுரோம் பி450 நொதிகள் உண்டு. ஹைட்ராக்சிலேற்றம் அதன் பலம். மெட்டாண்டியனோனை உட்கொண்டவரின் சிறுநீரில் 6-பீட்டா-ஹைட்ராக்சி வடிவம் எதனோடும் ஒட்டாமல் தனியாகவே வருகிறது. ஆகவே ஸ்டாண்டர்டையும் தனி வடிவிலேயே தயாரித்தால் போதும்.

இதே மருந்தின் மற்ற மெட்டபோலைட்டுகளில் எபிமெட்டாண்டியனோனைப் பூஞ்சையிடம் எதிர்பார்க்காதீர்கள். உடலில் 17ஆம் கார்பனில் சல்பேட் ஒட்டி, அது நொதியின் துணையின்றித் தானாகக் கழன்று விழும்போது உருவாகும் பொருள் அது. இன்னொன்றான எபிமெட்டண்டியாலுக்கு வேண்டியது 5-பீட்டா ஒடுக்கம், அதாவது 5ஆம் கார்பனில் ஹைட்ரஜன் சேர்ப்பது. அதற்கும் இந்தப் பூஞ்சை ஏற்றதில்லை. சர்க்கரை அமிலம் ஒட்டிய வடிவமான குளுக்குரோனைடு வேண்டுமென்றால் மனித நொதியைப் பொருத்திய ஈஸ்ட்டுக்குப் போக வேண்டும். கன்னிங்ஹமெல்லாவுக்கு சல்பேட்டையும் குளுக்கோஸையும் ஒட்டும் பழக்கம் உண்டு. குளுக்கோஸ் ஒட்டிய குளுக்கோஸைடைக் குளுக்குரோனைடு என்று நினைத்து ஏமாறக் கூடாது. இரண்டின் நிறைக்கும் இடையே கிட்டத்தட்ட 14 அலகு வித்தியாசம் இருப்பதால் நிறைமானியில் (மூலக்கூறின் நிறையை அளக்கும் கருவியில்) உடனே தெரிந்துவிடும்.

வேண்டிய பொருட்கள்

பூஞ்சையை அமெரிக்க நுண்ணுயிர்ச் சேமிப்பகமான ஏடிசிசியிடம் 9245 அல்லது 36112 என்ற எண்ணில் வாங்கலாம். இந்தியாவில் சண்டிகரின் எம்டிசிசி, புனேயின் என்சிஐஎம் ஆகிய நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களில் கன்னிங்ஹமெல்லா இனங்களைக் கேட்டுப் பார்க்கலாம். இனத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஸ்ட்ரெயின் (இனத்துக்குள் இருக்கும் கிளைவகை) மாறினால் விளைபொருள்களின் கலவை மாறும். எண்ணைக் குறித்து வையுங்கள்.

மெட்டாண்டியனோன் 120 மி.கி., பகுப்பாய்வுச் சான்றிதழோடு, உரிமம் உள்ள விற்பனையாளரிடமிருந்து. கள்ளச்சந்தை மாத்திரையை நசுக்கி எடுக்கும் யோசனையே வேண்டாம். உள்ளே மீத்தைல்டெஸ்டோஸ்டீரோன் கலந்திருந்தால் அதன் ஹைட்ராக்சி வடிவங்களும் சேர்ந்து வரும், பிரிக்கும்போது தலைவலி.

ஊடகம், ஒரு லிட்டருக்கு: குளுக்கோஸ் 20 கிராம், பெப்டோன் 5 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 5 கிராம், சோடியம் குளோரைடு 5 கிராம், டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 5 கிராம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பிஎச் 6.5க்குக் கொண்டுவந்து, 121 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்யுங்கள். பாஸ்பேட்டைக் குறைக்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது. மொத்தம் ஒன்றரை லிட்டர் வேண்டும்: பத்து ஃபிளாஸ்க் உற்பத்திக்கு, மூன்று கட்டுப்பாட்டுக்கு, இரண்டு நாற்றுக்கு. ஒவ்வொன்றும் 500 மி.லி. ஃபிளாஸ்க், அதில் 100 மி.லி. ஊடகம் மட்டும். பூஞ்சைக்குக் காற்று வேண்டும். ஹைட்ராக்சிலில் ஏறும் ஆக்சிஜன் அந்தக் காற்றிலிருந்துதான் வருகிறது. ஃபிளாஸ்க்கை நிரப்பினால் பூஞ்சை வளரும், வேலை செய்யாது.

பாதுகாப்பு பற்றி ஒரு சொல். கன்னிங்ஹமெல்லா, மியூக்கர் வகைப் பூஞ்சைகளின் உறவு. 2021இல் கருப்புப் பூஞ்சை என்று நாமெல்லாம் கேட்டுப் பயந்த மியூக்கோர்மைக்கோசிஸை உண்டாக்கும் இனங்கள் இந்தப் பேரினத்திலும் உண்டு. வித்துகளைப் பாதுகாப்புக் கேபினட்டுக்கு வெளியே திறக்காதீர்கள். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் உள்ளவர்களையும், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களையும் இந்த வேலையில் விடக் கூடாது. மெட்டாண்டியனோன் தூளும் வீரியமுள்ள ஹார்மோன்தான். கையுறையும் முகக்கவசமும் அணிந்தே நிறுத்துங்கள்.

வளர்ப்பதும் மருந்தூட்டுவதும்

சபூரோ டெக்ஸ்ட்ரோஸ் அகர் பிளேட்டில் 27 டிகிரியில் ஐந்து நாள் வளர்த்தால் சாம்பல் நிறப் பஞ்சு மூடியதுபோல் ஆகும். கிருமிநீக்கிய உப்புநீர் 5 மி.லி. ஊற்றி, மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஒரு நாற்று ஃபிளாஸ்க்குக்கு ஒரு பிளேட் போதும். குலுக்கியில் 28 டிகிரி, நிமிடத்துக்கு 150 சுற்று, 48 மணி நேரம்.

பூஞ்சை சின்னச் சின்ன உருண்டைகளாக வளர வேண்டும். பிளேட்டைச் சுரண்டும்போது பெரிய துண்டுகளாக விட்டால் எலுமிச்சை அளவுக்கு ஒரே கட்டி உருவாகும். கட்டியின் உள்ளே ஆக்சிஜன் போகாது, ஸ்டீராய்டும் போகாது. வெளித்தோல் மட்டும் உழைக்கும். சுரண்டியதைக் கிருமிநீக்கிய கண்ணாடி மணிகளோடு ஒரு நிமிடம் குலுக்கிவிட்டு ஊற்றினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். ஃபிளாஸ்க் சுவரில் வளையமாக ஒட்டி ஏறும் பூஞ்சையைத் தினம் ஒருமுறை ஃபிளாஸ்க்கைச் சாய்த்துச் சுழற்றித் திரவத்துக்குள் இறக்குங்கள்.

இரண்டு நாள் நாற்றிலிருந்து ஒவ்வொரு ஃபிளாஸ்க்குக்கும் 10 மி.லி. மாற்றுங்கள். உருண்டைகள் அடியில் படிந்துகொண்டே இருக்கும் என்பதால் நாற்றைச் சுழற்றிக்கொண்டே அகன்ற வாய் பிப்பெட்டில் எடுங்கள். மேலும் 24 முதல் 48 மணி நேரம் அதே 28 டிகிரியில், 150 சுற்றில்.

இப்போது மருந்து. 120 மி.கி. மெட்டாண்டியனோனை 6 மி.லி. டைமீத்தைல்ஃபார்மமைடில் கரையுங்கள். 0.2 மைக்ரான் டெஃப்லான் வடிகட்டியில் வடித்து, ஃபிளாஸ்க்குக்கு 0.5 மி.லி. விடுங்கள்: உற்பத்திக்குப் பத்து, மருந்து போகும் கட்டுப்பாட்டு ஃபிளாஸ்க் இரண்டு. ஆக, ஒரு ஃபிளாஸ்க்கில் 10 மி.கி.; கரைப்பான் அரை சதவீதம். இதைவிடக் கரைப்பானை ஏற்றினால் பூஞ்சை மந்தமாகும். வேறு சவ்வு வடிகட்டியைப் போட்டால் இந்தக் கரைப்பான் அதையே கரைத்துவிடக்கூடும். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் ஸ்டீராய்டு வெள்ளை ஊசிகளாகப் படியும். படிகத்தைப் பூஞ்சை தொடாது. ஃபிளாஸ்க்கைச் சுழற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். அப்படியும் படிந்தால், அடுத்த முறை இரண்டு தவணையாக 12 மணி நேர இடைவெளியில் கொடுங்கள்.

கட்டுப்பாட்டு ஃபிளாஸ்க் மூன்றையும் விட்டுவிடாதீர்கள். முதலாவதில் பூஞ்சை உண்டு, மருந்து இல்லை, கரைப்பான் மட்டும். பூஞ்சை தானே தயாரிக்கும் எர்கோஸ்டீரால் போன்றவை எங்கே தெரிகின்றன என்பது இதில் விளங்கும். இரண்டாவதில் மருந்து உண்டு, பூஞ்சை இல்லை. மருந்து தானாகச் சிதைகிறதா என்பதற்கு. மூன்றாவது முக்கியமானது, பலரும் தவிர்ப்பது: வளர்ந்த பூஞ்சையை ஆட்டோகிளேவில் கொன்று, ஆறவிட்டு, அதில் மருந்தை விடுவது. செத்த பூஞ்சையிலும் மருந்து நீரிலிருந்து காணாமல் போகும், ஏனென்றால் கொழுப்பு விரும்பியான ஸ்டீராய்டு பூஞ்சையின் உடலில் ஒட்டிக்கொள்ளும். இதைப் பார்க்காதவர், மருந்து குறைந்ததையெல்லாம் மாற்றம் நடந்ததாக எழுதிவிடுவார்.

எப்போது நிறுத்துவது

நாட்காட்டியைப் பார்த்து நிறுத்தாதீர்கள். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 மி.லி. எடுத்து, 1 மி.லி. எத்தில் அசிட்டேட்டோடு நன்றாகக் குலுக்கி, மேல் அடுக்கை உலர்த்தி, 200 மைக்ரோலிட்டர் மெத்தனாலில் கரைத்து, பொருட்களைத் தனித்தனி உச்சங்களாகப் பிரித்துக் காட்டும் திரவ நிறப்பகுப்பில் ஓட்டுங்கள். மெட்டாண்டியனோனின் ஏ-வளையம் (ஸ்டீராய்டின் நான்கு வளையங்களில் முதலாவது) 245 நானோமீட்டர் அருகே நன்றாக ஒளியை உறிஞ்சும். 6ஆம் கார்பனில் ஹைட்ராக்சில் ஏறினாலும் அந்த வளையம் அப்படியே இருப்பதால் அதே அலைநீளத்தில் பின்தொடரலாம். நிறைமானி இருந்தால், ஒரு புரோட்டான் ஏறிய அயனியாக, தாய்ப்பொருள் (மாறாத மெட்டாண்டியனோன்) 301.2162, ஒரு ஹைட்ராக்சில் ஏறியது 317.2111, இரண்டு ஏறியது 333.2060.

317 உச்சங்கள் ஏறும்போது 333ஐக் கவனியுங்கள். ஒருமுறை ஹைட்ராக்சில் ஏறியதையே பூஞ்சை மீண்டும் பிடித்து இன்னொன்றை ஏற்றும். இலக்கு உச்சம் ஏறுவது நின்று, 333 வேகம் எடுத்தால் அன்றே நிறுத்துங்கள். பெரும்பாலும் இது மூன்றாவது நாளிலிருந்து ஐந்தாவது நாளுக்குள் வரும். தாய்ப்பொருள் பாதி மிச்சம் இருந்தாலும் கவலை வேண்டாம், அது பிரித்தெடுக்கும்போது திரும்பக் கிடைக்கும். இரட்டை ஹைட்ராக்சி ஆனதை மீட்க வழியில்லை.

பிரித்தெடுத்தல்: அமிலத்தை அண்டவிடாதீர்கள்

இந்த வேலை பெரும்பாலும் கெட்டுப்போகும் இடம் இதுதான். மெட்டாண்டியனோனின் 17ஆம் கார்பனில் ஒரு மீத்தைலும் ஒரு ஹைட்ராக்சிலும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. அமிலம் பட்டால் அந்த ஹைட்ராக்சில் நீராகக் கழன்று, பக்கத்து 18ஆம் மீத்தைல் இடம்பெயர்ந்து 17க்கு வந்துவிடும். வாக்னர்-மீர்வைன் மறுசீரமைப்பு என்பார்கள். அப்போது கிடைப்பது வேறொரு மூலக்கூறு. அமிலம் மூன்று வழியில் உள்ளே வரும். பூஞ்சை தானே அமிலத்தைச் சுரந்து பிஎச்சைக் கீழே இழுக்கும். ஊடகத்தில் பாஸ்பேட்டை வைத்தது இதற்காக. நிறப்பகுப்பு நீர்மத்தில் ஃபார்மிக் அமிலம் சேர்ப்பது நிறைமானிக்காரர்களின் பழக்கம். சேகரித்த பகுதியை ஆவியாக்கும்போது அந்த அமிலம் அடர்ந்து ஸ்டீராய்டைத் தாக்கும். மூன்றாவது, பழைய டியூட்டரோகுளோரோஃபார்மில் இருக்கும் அமிலச் சுவடு: மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவியின் குழாயில் காலையில் ஒரு பொருள், மாலையில் வேறு.

மஸ்லின் துணியில் பூஞ்சையை வடியுங்கள். வடிநீரை பிஎச் 7க்குக் கொண்டுவந்து, உப்பை நிறையக் கரைத்து, ஒரு லிட்டருக்கு 400 மி.லி. வீதம் மூன்று முறை எத்தில் அசிட்டேட்டில் இறக்குங்கள். பூஞ்சைப் பிசினால் நடுவில் வெண்ணெய்போல் ஒரு அடுக்கு நிற்கும். அதைக் குலுக்கிக் குலுக்கிப் பிரிக்க முயல வேண்டாம். மையவிலக்கியில் 3000 ஜி விசையில் பத்து நிமிடம் சுற்றினால் உடையும். துணியில் தங்கிய பூஞ்சையையும் வீசிவிடாதீர்கள். 200 மி.லி. எத்தில் அசிட்டேட்டில் போட்டு 15 நிமிடம் அல்ட்ராசோனிக் தொட்டியில் வையுங்கள்; தாய்ப்பொருளில் கணிசமான பங்கு அதில்தான் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து, நீரற்ற சோடியம் சல்பேட்டில் உலர்த்தி, 40 டிகிரிக்கு மேல் போகாமல் ஆவியாக்குங்கள்.

கிடைக்கும் பழுப்புப் பசையை முதலில் சிலிக்கா ஜெல் நிரப்பிய பத்தியில் (பொருட்களைப் பிரிக்கும் குழாயில்) ஏற்றி, ஹெக்சேனில் தொடங்கி எத்தில் அசிட்டேட்டைக் கூட்டிக்கொண்டே போனால், கொழுப்பும் எர்கோஸ்டீராலும் முன்னால், தாய்ப்பொருள் நடுவில், ஹைட்ராக்சி வடிவங்கள் பின்னால் வரும். ஸ்டீராய்டைப் பத்தியில் இரவு முழுக்க விட்டுவிட்டுப் போகாதீர்கள். சிலிக்காவும் லேசான அமிலமே. பிறகு 250 க்கு 10 மி.மீ. சி18 பத்தியில், மெத்தனாலும் நீரும் மட்டும், நிமிடத்துக்கு 4 மி.லி. 55க்கு 45 விகிதத்தில் தொடங்கி உங்கள் பத்திக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளுங்கள். உச்சத்தின் நடுப்பகுதியை மட்டும் சேகரியுங்கள். பக்கத்து உச்சம் ஒட்டிக்கொண்டு வந்தால் அளவைத் தியாகம் செய்வதே நல்லது.

எவ்வளவு வேண்டும் என்ற கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். தாய்ப்பொருளின் மூலக்கூறு எடை 300.44, விளைபொருளுடையது 316.44. உற்பத்தி ஃபிளாஸ்க்குகளின் 100 மி.கி. முழுவதும் மாறினால்கூட 105 மி.கி. ஐந்தில் ஒரு பங்கு மட்டும் இலக்காக மாறினால் 21 மி.கி. மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் வீதம் 5 மி.லி. சிறுநீரில் சேர்க்க 10 நானோகிராம் போதும். அதாவது 1 மி.கி. இருந்தால் ஒரு லட்சம் மாதிரிகளுக்குப் போதும். விளைச்சலுக்காக அலைய வேண்டாம், தூய்மைக்காக அலையுங்கள்.

இது அதுதானா?

317.2111 என்ற நிறை எதையும் நிரூபிக்காது. ஸ்டீராய்டில் எந்தக் கார்பனில், எந்தப் பக்கத்தில் ஹைட்ராக்சில் ஏறினாலும் நிறை அதேதான். 6-பீட்டா போக 11, 12, 15 போன்ற இடங்களும் பூஞ்சைகள் வழக்கமாகத் தொடும் இடங்கள். கலவையில் பெரிய உச்சம் இலக்காக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

முதல் சாட்சி மனிதச் சிறுநீர்தான். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு முன்பே சேகரித்த, மெட்டாண்டியனோன் உட்கொண்டவரின் சிறுநீர் ஆய்வகச் சேமிப்பில் இருந்தால், அதையும் பூஞ்சைச் சாற்றையும் அடுத்தடுத்து ஓட்டுங்கள். பிறகு இரண்டையும் கலந்து ஓட்டுங்கள். கலந்தபோது உச்சம் ஒன்றாகவே உயர வேண்டும். தோள்பட்டை தெரிந்தால் அது வேறு பொருள். திரவ நிறப்பகுப்போடு நிற்காமல் வாயு நிறப்பகுப்பிலும் பாருங்கள். எம்எஸ்டிஎஃப்ஏ (சிலைல் ஏற்றும் வினைப்பொருள்), அம்மோனியம் அயோடைடு, எத்தேன்தயால் 1000க்கு 2க்கு 3 விகிதக் கலவையில் 60 டிகிரியில் 20 நிமிடம் வைத்தால் மூன்று டிரைமீத்தைல்சிலைல் ஏறும். மூலக்கூறு அயனி 532, அதிலிருந்து ஒரு மீத்தைல் கழன்ற 517தான் சோதனைக்கூடங்கள் இந்த மெட்டபோலைட்டுக்குப் பார்க்கும் அயனி.

மனிதச் சிறுநீரில் பொருந்தாத எதுவும், எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், மெட்டபோலைட் ஸ்டாண்டர்டு ஆகாது. அது பூஞ்சையின் பொருள், அவ்வளவே.

அடுத்து என்எம்ஆர். புரோட்டானுக்கு 1 மி.கி., கார்பனுக்கு 5 மி.கி. அளவில் இருந்தால் நிம்மதி. 6-பீட்டா ஹைட்ராக்சிலின் கைரேகை இரண்டு: 4.3 முதல் 4.6 பிபிஎம் வரையில் ஒரே புரோட்டானுக்கு உரிய குறுகிய சிக்னல், அது 6ஆம் கார்பனின் சமதளப் புரோட்டான். அதோடு 19ஆம் மீத்தைல் தாய்ப்பொருளில் இருந்ததைவிட ஏறக்குறைய 0.2 பிபிஎம் கீழ்ப்புலத்துக்கு நகர்ந்திருக்கும், ஏனென்றால் பீட்டா ஹைட்ராக்சில் அந்த மீத்தைல் இருக்கும் அதே பக்கத்தில் அதன் அருகே நிற்கிறது. மீத்தைல் நகரவில்லை, 6ஆம் புரோட்டான் அகன்று பிளந்து தெரிகிறது என்றால் ஆல்ஃபா வடிவத்தைச் சந்தேகியுங்கள். கரைப்பானாக டியூட்டரோமெத்தனால் பாதுகாப்பானது. குளோரோஃபார்ம்தான் வேண்டுமென்றால் காரத்தன்மையுள்ள அலுமினாவில் வடித்து எடுங்கள்.

தூய்மையை 245 நானோமீட்டர் நிறப்பகுப்பில் மட்டும் பார்த்து 99 என்று எழுதுவது பெரிய தவறு. நீர், கரைப்பான், சிலிக்கா, கொழுப்பு எதுவும் அங்கே தெரியாது. மாலியிக் அமிலத்தை உள்நிலையாக (அளவு தெரிந்த ஒப்பீட்டுப் பொருளாக) வைத்து அளவறி என்எம்ஆர் செய்யுங்கள். கரைசலின் செறிவை அந்த எண்ணைக் கொண்டு கணக்கிடுங்கள். மெத்தனாலில் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமாகக் கரைத்து, பழுப்புக் கண்ணாடிக் குப்பிகளில் சிறு பங்குகளாகப் பிரித்து, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

நீண்டநாள் மெட்டபோலைட்டுகள்

இந்தத் துறையின் உண்மையான பரிசு இங்கே இருக்கிறது. 2006இல் ஜெர்மனியின் கொலோன் ஆய்வகத்தில் ஷான்சர் குழு மெட்டாண்டியனோனின் ஒரு புதிய மெட்டபோலைட்டைக் கண்டறிந்தது: 18-நார் அமைப்பு (18ஆம் மீத்தைல் தன் இடத்தில் இல்லாதது), 17ஆம் கார்பனில் ஹைட்ராக்சிமீத்தைல். ஒரே ஒரு 5 மி.கி. மாத்திரைக்குப் பிறகு 19 நாள் வரை அது சிறுநீரில் தெரிந்தது. ஸ்டாண்டர்டு இல்லாமல் அதை வைத்து என்ன செய்வது? 2010இல் சார்ப்ரூக்கன் குழுவோடு சேர்ந்து வழி கண்டார்கள். மேலே நாம் பயந்து ஒதுக்கிய அதே மறுசீரமைப்பை வேண்டுமென்றே செய்து 17,17-டைமீத்தைல்-18-நார் வடிவத்தை உண்டாக்கி, அதை மனிதனின் சிஒய்பி21 என்ற பி450 நொதி பொருத்திய பிளவு ஈஸ்ட்டுக்குக் கொடுத்தார்கள். ஈஸ்ட் வேண்டிய மீத்தைலில் ஹைட்ராக்சிலை ஏற்றியது. ஆக்ஸாண்ட்ரோலோனின் 18-நார் வடிவத்துக்கு 2013இல் இதே தந்திரத்தை, ஈஸ்ட்டுக்குப் பதில் கன்னிங்ஹமெல்லா எலிகன்ஸைக் கொண்டு செய்தார்கள். இந்தியாவில் டெல்லி தேசிய ஊக்கமருந்து சோதனைக்கூடமும் குவாஹாத்தி நைப்பரும் (மருந்தியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) சேர்ந்து மெட்டாண்டியனோனின் நீண்டநாள் மெட்டபோலைட்டுக்கு ஸ்டாண்டர்டு தயாரித்திருக்கின்றன.

பூஞ்சையா ஈஸ்ட்டா என்று தேர்ந்தெடுப்பது எளிது. எந்த மெட்டபோலைட் உருவாகும் என்றே தெரியாத புதிய மருந்துக்குப் பூஞ்சை: பல இடங்களைத் தொட்டுக் காட்டும். எந்த மனித நொதி, எந்த இடம் என்று தெரிந்துவிட்டால் ஈஸ்ட்: ஒரே பொருள், பிரிப்பது சுலபம். ஆனால் பொறியியல் செய்த ஸ்ட்ரெயின் கையில் இருக்க வேண்டும். ஸ்டீராய்டு அல்லாத, ஆனால் ஸ்டீராய்டுபோல் தசையை வளர்க்கும் சார்ம் வகை மருந்துகளுக்கும் கன்னிங்ஹமெல்லாவைக் கொண்டு மனித, குதிரை மெட்டபோலைட்டுகளை ஸ்வீடன் ஆய்வாளர்கள் தயாரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

அளவிடும்போது மாதிரிக்குள்ளேயே சேர்க்கும் உள்நிலை ஸ்டாண்டர்டும் வேண்டுமென்றால், 17ஆம் கார்பனின் மீத்தைலில் மூன்று டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய மெட்டாண்டியனோனை அதே பூஞ்சைக்குக் கொடுங்கள். ஹைட்ராக்சில் 6ஆம் கார்பனில் ஏறுவதால் டியூட்டீரியம் ஒன்றுகூட இழக்கப்படாது, 320.23 அருகே சுத்தமாக வரும். ஃபிளாஸ்க்குகளை மட்டும் கலந்துவிடாதீர்கள். டியூட்டீரியம் இல்லாத மெட்டபோலைட் அதில் துளி கலந்தாலும், மருந்தே இல்லாத சிறுநீரில் மருந்து இருப்பதுபோல் காட்டும். தனி நாள், தனிக் கண்ணாடிப் பொருட்கள், தனிப் பத்தி. வேலை முடிந்ததும் பூஞ்சைக் கழிவை 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து, ஸ்டீராய்டு கலந்த நீரையும் கரைப்பானையும் சாக்கடையில் விடாமல் எரிப்புக்கு அனுப்புங்கள். ஆட்டோகிளேவ் பூஞ்சையைக் கொல்லும், ஸ்டீராய்டை அழித்துவிடாது.